வியோலா பார்ட் எங்கே கிடைக்கும்? நான் ஏறி இறங்கிய இசை நூலகங்கள்

ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே ஒரு சின்ன ஆர்க்கெஸ்ட்ராவில் ஆறு வருஷமாக வியோலா வாசிக்கிறேன், வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம். யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டை என்னோடு பகிர்ந்துகொள்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் நூலகர் ஊர் மாறிப் போனபோது அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நான்கு இரும்பு அலமாரி, ஒரு டப்பா பென்சில், ஒரு டப்பா ரப்பர். எங்கள் நூலகம் இவ்வளவுதான்.

அந்த நான்கு அலமாரியை நிரப்ப நான் போன நூலகங்களைப் பற்றித்தான் இந்த விமர்சனம். இசை படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "யூனிவர்சிட்டி லைப்ரரியில் எல்லாம் இருக்குமே, அங்கேயே எடுத்துக்கொள்ளக் கூடாதா?" பொறுப்பேற்ற முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த சீசனில் எங்களுக்கு செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் 9-ஆவது சிம்பனி, 'நியூ வேர்ல்ட்'. 1893 டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் முதன்முதலில் வாசித்தது. வாத்தியக் கணக்கை நூலகர்கள் ஒரு தந்தி வாசகம் போல எழுதுவார்கள்: 2222, 4231. அதாவது புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் இரண்டிரண்டு. ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிராம்போன் மூன்று, டியூபா ஒன்று. டிம்பனிக்கு ஒன்று, மற்றத் தாள வாத்தியத்துக்கு ஒன்று. ஆக 20 பேருக்கு 20 பார்ட். பார்ட் என்றால் ஒரு வாத்தியம் வாசிப்பதை மட்டும் எழுதிய தாள். தந்தி வாத்தியங்களில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். எங்கள் குழுவில் அது முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்ற வரிசையில் 5, 5, 4, 4, 2 என்று இன்னொரு 20. மொத்தம் 40 பார்ட், கண்டக்டருக்கு எல்லா வாத்தியமும் சேர்ந்த ஒரு ஸ்கோர். இந்தச் சிம்பனியில் டியூபா இரண்டாம் மூவ்மெண்டில், அதாவது இரண்டாம் பகுதியில், மட்டும்தான் வருகிறது. சிம்பல் கடைசி மூவ்மெண்டில் ஒரே ஒரு தட்டு. ஆனாலும் அவர்கள் முன்னாலும் காகிதம் இருந்தாக வேண்டும். 40-இல் ஒன்று குறைந்தாலும் ஒத்திகை நின்றுவிடும்.

இந்த 40-ஐத் தேடிக்கொண்டு ஒரு பல்கலைக்கழக இசை நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் பிழை ஒன்றுமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் வகைப்பாடுதான். எம் என்றால் சுரக்குறிப்பு, எம்.எல். என்றால் இசையைப் பற்றிய நூல், எம்.டி. என்றால் பயிற்சி. சிம்பனி ஸ்கோர்கள் எம் 1001. அலமாரி முன்னால் நின்றபோது மனசு நிறைந்துவிட்டது. 'நியூ வேர்ல்ட்' மட்டும் ஐந்து பதிப்பு: சட்டைப்பையில் அடங்கும் மினியேச்சர் ஸ்கோர், பெரிய ஸ்கோர், திருத்திய ஆய்வுப் பதிப்பு எல்லாம். வியோலா பார்ட் மட்டும் இல்லை. எந்தப் பார்ட்டும் இல்லை. நாற்பது உதிரிக் காகிதக் கட்டை கடனுக்குக் கொடுத்துத் திரும்ப எண்ணி வாங்கும் வேலையை அந்த நூலகம் செய்வதில்லை. நால்வர் வாசிக்கும் குவார்டெட் என்றால் எம் 452-இல் பார்ட்டோடு கிடைக்கும். ஆர்க்கெஸ்ட்ரா அளவுக்கு ஆள் கூடினால் ஸ்கோர் மட்டும்தான். அங்கே வருபவர் படிக்க வருகிறார், ஒப்பிட வருகிறார், தேர்வுக்கு வருகிறார். அறுபது பேரை நாற்காலியில் உட்கார வைக்க அங்கே யாரும் வருவதில்லை.

பிறகு மலிவான மறுபதிப்பு செட் ஒன்றை வாங்கினோம். கண்டக்டர் கையில் இருந்தது புதிய பதிப்பு. முதல் ஒத்திகையில் அவர் "பார் 149-லிருந்து" என்றார். பார் என்பது இசையில் ஒரு தாளக் கட்டம். எங்கள் பார்ட்டில் பார் எண்ணே கிடையாது. அறுபது பேரும் குனிந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அந்த வாரம் நான்கு இரவு உட்கார்ந்து நாற்பது பார்ட்டிலும், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பென்சிலால் பார் எண் எழுதினேன். இருபது பார் ஓய்வு என்று ஒரே கட்டமாக அச்சிட்டிருக்கும் இடங்களில் ஒரு எண் தவறினால் அதன் பிறகு எல்லாம் தவறு. டிராம்போன் பார்ட்டை மூன்று தடவை அழித்து எழுதினேன்.

ஆனால் பல்கலைக்கழக நூலகத்தை நான் குறைத்துச் சொன்னால் நன்றிகெட்டவள் ஆவேன். மூன்றாவது ஒத்திகையில் வியோலாவில் ஒரு சுரம் செல்லோவோடு இடித்தது. எங்கள் பார்ட் ஒன்று சொல்கிறது, கண்டக்டரின் ஸ்கோர் வேறொன்று சொல்கிறது. த்வோர்ஷாக் அமெரிக்காவில் இருந்த காலத்தில் பெர்லினில் இருந்த சிம்ராக் பதிப்பகம் அவருடைய படைப்புகளை அச்சிட்டது. ப்ரூஃப் திருத்தியவர் யார் தெரியுமா? பிராம்ஸ். கடல் கடந்து ப்ரூஃபை அனுப்பிக் காத்திருக்க நேரமில்லாமல், அவ்வளவு பெரிய மேதை நண்பருக்காக உட்கார்ந்து பிழை பார்த்திருக்கிறார். அப்படியும் பிழைகள் தப்பித்தன. அவை மறுபதிப்புகளில் அப்படியே நகலாகி நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்கச் சுற்றின. அந்த எம் 1001 அலமாரியில் இருந்த ஆய்வுப் பதிப்பின் பின்பகுதியில், எந்த மூலத்தில் எந்தச் சுரம் என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் விடை கிடைத்தது. எங்கள் பார்ட்தான் தவறு. வேறு எந்த நூலகமும் எனக்கு அதைச் சொல்லியிருக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நியூயார்க் ஃபில்ஹார்மானிக் தன் ஆவணக் காப்பகத்தை 2011-லிருந்து இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. லியான் லெவி டிஜிட்டல் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர். குழு தொடங்கியது 1842-இல். நிகழ்ச்சி நிரல்கள், கடிதங்கள், கண்டக்டர்கள் கையால் குறிப்பெழுதிய ஸ்கோர்கள், கலைஞர்கள் வாசித்த பார்ட்கள், எல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். பார்க்கக் காசு இல்லை. வீட்டில் இரவு பதினொரு மணிக்கு, பில்டர் காபியோடு, அந்தக் குழுவின் கண்டக்டராக இருந்த லெனர்ட் பெர்ன்ஸ்டைன் கையால் குறித்த ஸ்கோரை நான் புரட்டுகிறேன். அவர் இரண்டு நிறப் பென்சில் வைத்திருந்தார். நீலம் தனக்கு: இங்கே திரும்பு, இங்கே ஹார்னைப் பார் என்பதெல்லாம். சிவப்பு நூலகருக்கு. சிவப்பில் இருப்பதை நூலகர் எல்லோருடைய பார்ட்டிலும் ஏற்ற வேண்டும். அந்தச் சிவப்பை முதன்முதலாகப் பார்த்தபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கச்சேரி நிரலில் பெயர் வராத ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் அது.

ஆர்க்கெஸ்ட்ரா நூலகத்தின் உயிர் அந்தப் பென்சில் குறிகளில்தான் இருக்கிறது. வயலின் வரிசையில் வில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போய் ஒரே நேரத்தில் கீழே வருவதை மேடையில் பார்த்திருப்பீர்கள். அது தானாக நடப்பதில்லை. வயலின்காரர்களின் தலைவரான கான்செர்ட் மாஸ்டர் தன் பார்ட்டில் எங்கே இழுக்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்று குறிப்பார். அதைப் பார்த்து மற்ற தந்திப் பிரிவுத் தலைவர்கள் தங்கள் பார்ட்டைக் குறிப்பார்கள். பிறகு நூலகர் அந்தக் குறியை ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் படியெடுக்க வேண்டும். பெரிய குழுவில் தந்தி வாத்தியம் 16, 14, 12, 10, 8 பேர் என்றால் 30 ஸ்டாண்ட். ஒத்திகையில் மனசு மாறி ஒரு வில்லைத் திருப்பிப் போட்டால் முப்பதில் அந்தப் பிரிவுக்குரிய பார்ட் எல்லாவற்றிலும் அழித்து எழுத வேண்டும். அதனால்தான் ஒரு குழு தான் குறித்து வைத்த செட்டை நகைபோலக் காக்கிறது. கடைசிப் பக்கத்தில் கலைஞர்கள் தேதியும் ஊரும் எத்தனை நிமிஷம் ஓடியது என்பதும் எழுதி வைப்பார்கள். ஒரு கடினமான திருப்பத்துக்கு மேலே மூக்குக்கண்ணாடி வரைந்து வைப்பார்கள். "கண்டக்டரைப் பார்" என்று அர்த்தம். எங்கள் வியோலா பார்ட்டிலும் தபால்காரர் வரைந்த கண்ணாடிகள் இருக்கின்றன.

இதே பென்சில் பல்கலைக்கழகத்தில் சேதம். கடன் வாங்கிய ஸ்கோரில் கிறுக்கினால் அபராதம் போடுவார்கள், போட வேண்டியதும்தான். அடுத்த மாணவருக்கு அச்சில் உள்ளது மட்டும் தெரிய வேண்டும். ஆனால் அதே பென்சில் குறி ஒரு பெரிய கண்டக்டருடையதாக இருந்து, அவர் காலமான பிறகு வந்து சேர்ந்தால், அதே பல்கலைக்கழகம் அமிலமற்ற பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கியின் ஸ்கோர்களும், யூஜின் ஆர்மண்டியின் ஸ்கோர்களும் இருக்கின்றன. இருவரும் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவை அடுத்தடுத்து வழிநடத்தியவர்கள். ஸ்டொகோவ்ஸ்கி எல்லோரும் ஒரே மாதிரி வில்லிழுக்க வேண்டாம், அவரவர் வசதிப்படி இழுங்கள், அப்போதுதான் ஒலி அறுபடாது என்று சொன்னவர். அப்படியென்றால் அவருடைய நூலகருக்கு வில் குறி படியெடுக்கும் வேலை குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இந்த மாதிரிச் சிறப்புத் தொகுப்புகளை முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் பார்க்கப் போக வேண்டும். பேனா அனுமதி இல்லை, பென்சில் மட்டும், அதுவும் நம் நோட்டில் எழுத.

பல்கலைக்கழகம் காப்பாற்றிக் கொடுத்த இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். புளோரன்ஸ் பிரைஸ். 1933-இல் சிகாகோ சிம்பனி அவருடைய முதல் சிம்பனியை வாசித்தது. ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பனியை வாசித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் மெல்ல மறந்துபோனார்கள். 2009-இல் இலினாயில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அவை ஆர்க்கன்சா பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. நான்காவது சிம்பனியும் அதில் இருந்தது; 2018-இல்தான், அதே மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் சிம்பனி அதை முதலில் மேடையேற்றியது. நடுவில் அத்தனை வருஷம் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் நான்கு இரவைத்தான் சொல்வேன். ஒரு கையெழுத்து ஸ்கோர் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பது ஒரு கட்டம். அதைப் படித்து, ஐயம் தீர்த்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பார்ட் பிரித்து, பக்கம் திருப்ப ஓய்வுள்ள இடமாகப் பார்த்து முடித்து, பிழை பார்த்து, அச்சிட்டு ஸ்டாண்டில் வைப்பது இன்னொரு கட்டம். பல்கலைக்கழகம் முதல் கட்டத்தைச் செய்யும். இரண்டாவதற்குப் பதிப்பகமும் ஆர்க்கெஸ்ட்ரா நூலகரும் வர வேண்டும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கோர் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.எம்.எஸ்.எல்.பி. 2006-இல் தொடங்கியது. 1501-இல் வெனிஸில் இசையை அச்சிட்ட பெட்ரூச்சியின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். பழைய படைப்புகளுக்கு நான் முதலில் தேடுவது அங்கேதான். ரோச்செஸ்டரில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியின் சிப்லி நூலகம் தன்னிடமுள்ள, உரிமைக் காலம் முடிந்த ஸ்கோர்களைத் தானே ஸ்கேன் செய்து இலவசமாகப் போடுகிறது. வேறெங்கும் கிடைக்காத, சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசை அங்கே நிறைய உண்டு. ஆனால் வீட்டு பிரிண்டரில் சின்னத் தாளில் அச்சிட்டு ஒட்டுப்போட்டு ஸ்டாண்டில் வைக்காதீர்கள். இரண்டரை அடி தள்ளி, இரண்டு பேர், மங்கலான விளக்கில் படிக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா நூலகர்களுக்கு மோலா என்று ஒரு சங்கம் உண்டு, 1983-லிருந்து. அவர்கள் தரும் வழிகாட்டியில் தாள் அளவு, எழுத்தின் அளவு, பக்கம் திருப்பும் இடம், தாள் ஸ்டாண்டில் மடங்காமல் தட்டையாக இருக்க வேண்டும் என்பது வரை இருக்கிறது. பார்ட் தயாரிக்கும் யாரும் ஒரு முறை படிக்க வேண்டியது. இருபதாம் நூற்றாண்டு இசை என்றால் இன்னொரு சிக்கல்: பல படைப்புகளுக்குப் பதிப்பாளர் பார்ட்டை விற்பதே இல்லை, வாடகை மட்டும்தான். நூலகத்தில் ஸ்கோர் இருக்கிறதே என்று நம்பி நிகழ்ச்சியை அறிவித்துவிடாதீர்கள். முதலில் வாடகையைக் கேளுங்கள்.

கடைசியாக, நான் யாரிடம் பேசினாலும் போகச் சொல்லும் இடம். ஃபிலடெல்ஃபியா ஃப்ரீ லைப்ரரியின் தலைமைக் கட்டடத்தில் இருக்கும் ஃப்ளைஷர் தொகுப்பு. 1927-இல் திறந்த, தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடம். ஊர்ப் பொது நூலகம்தான், பல்கலைக்கழகமும் இல்லை, ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லை. ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதற்கான ஸ்கோரும் பார்ட்டும் சேர்ந்த செட், 21,000-க்கு மேல் அங்கே இருக்கிறது. உலகத்தில் இதைக் கடனாகக் கொடுக்கும் மிகப் பெரிய தொகுப்பு இதுதான். எட்வின் ஃப்ளைஷர் என்ற நூல் ஆலை முதலாளி 1909-இல் இளம் கலைஞர்களுக்காக சிம்பனி கிளப் என்று ஒரு பயிற்சிக் குழுவை ஆரம்பித்தார். இனம், மதம், ஆண், பெண் என்று பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். வாராவாரம் அவர்கள் புதிதாக வாசித்துப் பழக முழுச் செட் வேண்டுமே என்று வாங்கிக் குவித்தார். 1929-இல் அனைத்தையும் ஊருக்குக் கொடுத்துவிட்டார். வாசிப்பவர்களுக்காக வாங்கியது என்பதால்தான் அங்கே டியூபா பார்ட்டும் சிம்பல் பார்ட்டும் இருக்கின்றன.

முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் தவித்த இசைக்கலைஞர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து அங்கே உட்கார வைத்தது. அச்சாகாத அமெரிக்கப் படைப்புகளின் பார்ட்களை அவர்கள் கையால் எழுதினார்கள். 1941-இல் இசையறிஞர் நிக்கொலாஸ் ஸ்லொனிம்ஸ்கி லத்தீன் அமெரிக்கா முழுக்கச் சுற்றி ஸ்கோர்களைச் சேகரித்து வந்தார். அவையும் அங்கே சேர்ந்தன. நாங்கள் போன வசந்தத்தில் எடுத்தது அந்த மாதிரி ஒரு லத்தீன் அமெரிக்கப் படைப்பு. பெட்டியைத் திறந்தால் எல்லாம் கையெழுத்து. ஒவ்வொரு சுரத்தின் தலையும் ஒரே சாய்வு, வரி முடிவு ரூல் போட்ட மாதிரி.

அதைப் பார்த்ததும் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவர் கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங்குக்கு பார்ட் பிரித்து எழுதிக்கொடுத்தவர். காலையில் ஸ்கோர் வரும். வயலின்காரர்கள் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பார்ட் எல்லாம் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். பாட்டு பதிவானதும் அந்தக் காகிதத்தை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. வடபழனி வீட்டில் அதன் பின்பக்கத்தில்தான் நான் கணக்குப் போட்டுப் பழகினேன். ஒரு வியோலா பார்ட்டைப் படமெடுத்து அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கண் அறுவை முடிந்த சமயம், பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"யாரும்மா எழுதினது?"

"பேர் இல்ல பெரியப்பா. எண்பது வருஷத்துக்கு முன்னாடி."

"தொழில் தெரிஞ்சவன். பக்கத்துக் கடைசியில ரெண்டு வரி காலியா விட்டுட்டான் பாரு. எழுதியிருக்கலாம், இடம் இருக்கு. எழுதியிருந்தா வாசிப்பு நடுவுல திருப்பணும். ரெஸ்ட் வர்ற இடத்துல திருப்பட்டும்னு விட்டிருக்கான்."

நான் அந்தப் பக்கத்தை ஆறு வாரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அது ஏன் சுலபமாகத் திரும்புகிறது என்று யோசித்ததில்லை.

அங்கே கடன் வாங்க விரும்புகிறவர்களுக்கு: குழுவின் பெயரில்தான் கேட்க வேண்டும், கச்சேரித் தேதியோடு. இன்னும் பதிப்பாளர் உரிமையில் இருப்பதைப் பதிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும். மூன்று மாதம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஒத்திகைக்கு நான்கு வாரம் முன்னால் பயிற்சிப் பிரதி கையில் இல்லையென்றால் என் மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழக நேரம் கிடைக்காது.

எங்கிருந்து இரவல் வாங்கினாலும் குறிகளை அழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். கச்சேரிக்கு மறுநாள் தேவாலய அடித்தளத்தில் ஆறு பேர் ரப்பரோடு உட்கார்ந்தோம். வெள்ளை ரப்பர்தான் நல்லது, சிவப்பு ரப்பர் கறை விடும். தபால்காரர் மூன்றாம் பக்கத்தில் தான் வரைந்த கண்ணாடியை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டார். அடுத்து வாசிக்கப்போகிறவருக்கும் அந்த இடம் வழுக்குமே என்றார். அழிக்கத்தான் வேண்டும் என்றேன். அழிப்பதற்கு முன் என் நோட்டில் பார் எண்ணோடு அதைக் குறித்துக்கொண்டேன்: பார் 88, கண்ணாடி.